டேஞ்சர் போட்ட எம்ப்ளம்

செங்கல்பட்டு ஜில்லா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் டேஞ்சரைப் போல ஊரைப் பயமுறுத்திய மனிதர் கிடைக்கமாட்டார். அவரைப் போல எல்லாவற்றுக்கும் பயந்த மனிதரும் கிடைக்கமாட்டார். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு அவர் எப்படிக் காலம் தள்ளினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. தொழிற்சாலைகளுக்கு அபாய அறிவிப்புப் பலகை எழுதுவது அவர் தொழில். மண்டை ஓடு, அதன் கீழே பெருக்கல் குறி மாதிரி இரண்டு எலும்பு, சிவப்பில் 'டேஞ்சர்'. காக்களூர் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர், கரண்ட் பெட்டி எதன் மேல் மண்டை ஓடு தொங்கினாலும் அது அவர் கை. அதனால் ஆளுக்கும் அதே பெயர்.

மற்றவர்கள் வரையும் மண்டை ஓடு செத்தவனுடையது. டேஞ்சர் வரைவது செத்துக்கொண்டிருக்கிறவனுடையது. அதன் முகத்தில் ஒரு பாவம் இருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு, ஆசிட் தொட்டி மேல் மாட்ட ஒரு பலகை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்ட்ரைக் என்று நினைத்து மானேஜர் ஓடிவந்தார்.

"என்னப்பா உங்க கோரிக்கை?"

"ஒண்ணியும் வேணாம் சார். அந்த மூஞ்சிய மட்டும் சொவுரு பக்கம் திருப்பி மாட்டிடு. உள்ள வந்துட்றோம்."

மண்டை ஓட்டைத் தவிர வேறு எதை வரைந்தாலும் அதே கதிதான். தையல் கடைக்கு அவர் வரைந்த பெண், வீட்டுக்குள் திருடன் புகுந்த சத்தத்தை அப்போதுதான் கேட்டவள் மாதிரி முழித்தாள். ஒரு நர்சரிப் பள்ளிக்குப் புத்தகப் பையோடு குழந்தை வரைந்தார். அந்த வருஷம் சேர்க்கை பாதியாகக் குறைந்தது என்று தலைமையாசிரியை அவரை ரயில்வே ஸ்டேஷன் வரை துரத்தினார்.

ஊரையே இப்படி மிரட்டிய மனிதர், கரண்ட் போயிருக்கும் நேரத்தில்கூட சுவிட்சைக் காய்ந்த குச்சியால்தான் தட்டுவார். டீக்கடையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காரமாட்டார். தென்னை மரத்தைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். இட்லியை நாலாகப் பிட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "இட்லிக்குள்ள என்ன அண்ணே இருக்கப் போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன். "தெரிஞ்சா நான் ஏன் நைனா பாக்கறேன்?" என்றார்.

நான் அப்போது திருவள்ளூரில் ஒரு அச்சகத்தில் மானேஜர். மானேஜர் என்றால் ஆர்டர் எடுப்பது, புரூஃப் பார்ப்பது, மாலையில் கதவைப் பூட்டுவது எல்லாம் நானே. முதலாளி மதராஸில் இருந்தார். அவருடைய கோபம் மட்டும் தினமும் டெலிபோனில் திருவள்ளூர் வந்து போகும். அச்சகத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் டேஞ்சர் பலகை எழுதுவார். அச்சுக்குப் பிளாக் செய்யப் படம் வேண்டுமென்றால் எங்களுக்கும் அவரே வரைந்து கொடுப்பார். சுற்றுவட்டாரத்தில் ஸ்கேல் இல்லாமல் நேர்க்கோடு போடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வரதன் சார் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். திருவள்ளூர்க் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் செய்யும் குடும்பம். இவர் ஒருவர்தான் தப்பித்துப் போய் மீனம்பாக்கத்தில் ஒரு விமான கம்பெனியில் கவுண்ட்டர் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு டிராவல்ஸ் தொடங்கப் போகிறார். பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் நடத்துகிறார்கள்.

அந்த டிராவல்ஸ் எல்லோருக்குமானது அல்ல. விமான கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். லோடர், மெக்கானிக், கிளார்க் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு பறக்க பாஸ் உண்டாம். பறந்து போய் இறங்கிய ஊரில் ரூம் கிடைக்காது, டாக்சி கிடைக்காது. அதையெல்லாம் இவர் ஏற்பாடு செய்வார். கம்பெனிக்கு ஒரு எம்ப்ளம் வேண்டும். லெட்டர்பேடு, கவர், விசிட்டிங் கார்டு, பேக்கேஜ் லேபிள் எல்லாவற்றிலும் அது வரவேண்டும். எங்கள் அச்சகம் அதுவரை பார்த்ததிலேயே பெரிய ஆர்டர்.

வரதன் சார் விரல் மடக்கி நிபந்தனைகள் சொன்னார். "இதோ பாரும் ஓய். பட்சி கூடாது. பட்சின்னா பைலட்டுக்கெல்லாம் கிலி. என்ஜினுக்குள்ள போயிடும். நெருப்பு, புகை எதுவும் இருக்கப்படாது. மூக்கு கீழ பாக்கற பிளேன் கூடவே கூடாது. மொத்தத்துல, பாக்கறவா மனசுல துளிக்கூட பயம் வரப்படாது. புரிஞ்சுதோ?"

நான் டேஞ்சரைப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே வியர்த்திருந்தது.

முதல் படம் நாலு நாளில் வந்தது. மேகங்களுக்கு நடுவே ஒரு விமானம். மூக்கு மேலே பார்த்துத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், ஒவ்வொரு முகத்திலும் ஒரு திறந்த வாய்.

"இவாள்லாம் என்ன பண்றா?" என்று கேட்டார் வரதன் சார்.

"போறாங்கோ சார்."

"எங்க?"

டேஞ்சர் யோசித்தார். "அது அவங்களுக்கே தெரியாது சார்."

இரண்டாவது படத்தில் விமானமே இல்லை. ஒரு பூமி உருண்டை, அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு டிக்கெட்டுகள். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். வரதன் சார் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவர் முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் இரண்டு கண் குழிகளாகிவிட்டன. டிக்கெட்டுகள் எலும்புகள். உருண்டை எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தது.

"ஓய்! இதை நான் என் ஆத்துக்குள்ள எடுத்துண்டு போக முடியுமா?" என்று கத்திவிட்டு வரதன் சார் எழுந்துகொண்டார். திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. விமான கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர் அவர்கள் முன்னால் மண்டை ஓட்டோடு நிற்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான படம் வராவிட்டால் ஆர்டர் மதராஸுக்குப் போகும் என்றார். அன்று மாலை டெலிபோனில் முதலாளி, ஆர்டர் போனால் நானும் கூடவே போகலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. வேலை போனதை எப்படி வீட்டில் சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். காலையில் கொட்டகைக்குப் போனால், டேஞ்சர் என்னைவிட மோசமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் பிளேனையே பாத்ததில்ல நைனா. மேல சத்தம் கேட்டா ஊட்டுக்குள்ள பூந்துப்பேன். பாக்காததை எப்டி வரையறது?"

"மண்டை ஓட்டை மட்டும் பார்த்திருக்கீங்களா?"

"அது எனக்குள்ளயே கீதே."

சரி, மீனம்பாக்கம் போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன். அவர் முதலில் காதில் விழாதது மாதிரி இருந்தார். பிறகு எனக்கு வேலை போய்விடும் என்பதைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ரயிலில் நடுப்பெட்டி தேடி, அதிலும் நடுவில்தான் உட்காருவேன் என்றார். "மின்னாடி பொட்டின்னா நாம போய் மோதுவோம். பின்னாடி பொட்டின்னா வேற எவனாவது வந்து மோதுவான். நடுவுலதான் நைனா நாயம்." திருநின்றவூரில் வண்டி கொஞ்சம் குலுங்கி நின்றது. டேஞ்சர் எதிரே இருந்தவர் மடியில் போய் விழுந்தார். வண்டி குலுங்கியதால் இல்லை. அதற்கு முன்னாலேயே தானாகப் பாய்ந்திருந்தார்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வருகிறவர்கள் நின்று பார்க்க அப்போது ஒரு மாடம் இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம். தூரத்தில் ஒரு புள்ளி. அது பெரிதாகி, இரைச்சலாகி, தரையைத் தொட்டது. "பார்த்தீங்களா அண்ணே?" என்று திரும்பினேன். அவரைக் காணோம். யாரையோ வழியனுப்ப வந்திருந்த ஒரு அம்மாளின் விரித்த குடைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். அந்த அம்மாளும் பயந்துபோய்க் கத்தினாள்.

கீழே கூடத்துக்கு அழைத்துக்கொண்டு வந்து, விமானத்து நாற்காலியும் வாரும் தெரிய ஒரு விளம்பரம் மாட்டியிருந்த சுவருக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். வந்த வேலை கெட்டது. பக்கத்தில் ஒரு வயதான அம்மாவும், காக்கிச் சட்டை போட்ட அவள் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் அங்கேயே விமானங்களைக் கழுவித் துடைக்கும் பிரிவில் வேலை செய்கிறவர். பம்பாயில் அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அம்மாவை அழைத்துக்கொண்டு போக பாஸ் வாங்கியிருக்கிறார். ஆனால் பாஸ் இருந்தால் மட்டும் ஏறிவிட முடியாதாம். டிக்கெட் வாங்கினவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு சீட் மிச்சமிருந்தால்தான் இவர்களுக்கு. முந்தின நாளிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டேஞ்சர் அந்த அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "பயமாகீதா மா?"

"ஆமாம்பா. ஈரக்கொல நடுங்குது."

"எனக்கும்தான். அவ்ளோ பெரிய இரும்பு, அது எப்டி மா மேல நிக்கும்?"

அந்த அம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "ஏறுறதுக்கு இன்னா பயம்? அது என்னை உட்டுட்டுப் பூடுமோன்னுதான்பா பயம்."

டேஞ்சரிடம் இல்லாத பயம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு அவர் மாடத்துப் பக்கமே பார்க்கவில்லை. கவுண்ட்டரில் இருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான விமானம் வந்தது. கவுண்ட்டர்க்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு சீட்தான். அந்த அம்மா தனியாகப் போகமாட்டேன் என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானம் போய்விட்டது. அம்மா முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டாள். டேஞ்சர் எழுந்து போய்த் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். தானும் ஒரு தம்ளர் குடித்தார். முகர்ந்து பார்க்காமல் அவர் ஒன்றைக் குடித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்கால விமானம் வந்து நின்றது. வரிசையில் ஆட்கள் குறையக் குறைய டேஞ்சர் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, குண்டா ஒருத்தன் வரான். அவன் இவங்க சீட்லதான் குந்துவான் பாரு." கடைசி ஆளும் உள்ளே போனார். கவுண்ட்டர்க்காரர் ரெஜிஸ்தரை மூடினார். எங்கள் நான்கு பேருக்கும் மூச்சே இல்லை. அவர் தலையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

மகன் அம்மாவை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் பெஞ்சில் கிடந்த துணிப்பையைப் பார்த்தேன். பம்பாய்க்குக் கொண்டுபோக அந்த அம்மா சுட்டுவைத்திருந்த முறுக்கும், பெரிய மகனுக்கு வாங்கிய மருந்தும் அதில்தான் இருந்தன. நான் எடுக்கக் கை நீட்டுவதற்குள் பை இல்லை. டேஞ்சரும் இல்லை.

வாசலில் இருந்த காவலாளி விசில் ஊதினார். டேஞ்சர் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் பையோடு, அந்த வெட்டவெளியில் நேராக விமானத்தைப் பார்த்து ஓடினார். புரொப்பெல்லர் ஒன்று சுழல ஆரம்பித்திருந்தது. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு "அண்ணே! அண்ணே!" என்று அலறினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. படிக்கட்டின் கீழே நின்று பையை மேலே நீட்டினார். அந்த அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு காவலாளி அவரை இடுப்போடு பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டார்: "நைனா, நான் எங்க போனேன்?"

"பிளேன்கிட்ட."

"எவ்ளோ கிட்ட?"

"தொடற தூரம் அண்ணே."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் காகிதம் கேட்டார். என் பையில் இருந்த கல்யாணப் பத்திரிகை புரூஃபின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். வண்டி ஆடிக்கொண்டிருக்கும்போதே வரைந்தார். பத்துப் பன்னிரண்டு கோடுகள்தான். ஒரு விமான ஜன்னல், வெளியே ஒரு கீற்று மேகம், ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி. காலி நாற்காலி. இடுப்பு வார் அவிழ்ந்து இரண்டு பக்கமும் தொங்கியது, யாருக்கோ கை விரித்த மாதிரி.

"ஆள் எங்கே அண்ணே?"

"வந்துக்கினே கீறாங்கோ."

மறுநாள் வரதன் சார் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "காலி ஆசனமா? யாரோ பரமபதம் போயிட்டான்னு அர்த்தம் ஓய்! திறப்பு விழாவுக்கு அபசகுனமா?" படத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு அவர் போய்விட்டார். மதராஸ் ஆர்ட்டிஸ்டிடம் எப்படி வரையக் கூடாது என்று காட்டுவதற்காம்.

நான் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தேன். டேஞ்சர் கொட்டகையில் ஒரு பாய்லருக்கு மண்டை ஓடு வரைந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மண்டை ஓட்டைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

மறுநாள் காலை அச்சகம் திறக்கும்போதே வரதன் சார் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை.

"தம்பி, நேத்து ஆத்துல பைலேருந்து இது கீழ விழுந்துது. என் ஆத்துக்காரி எடுத்துப் பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல. என்ன கேட்டா தெரியுமோ? 'கிடைச்சுடுத்தா?'ன்னு கேட்டா."

பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷம்யா. பாஸை வெச்சுண்டு எத்தனை ஊர்ல எத்தனை பெஞ்சுல அவளை உக்கார வெச்சிருக்கேன். அவ அப்பா போனப்ப டெல்லிலேருந்து சீட் கிடைக்கல. முகத்தைப் பாக்கல அவ. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கமே இருந்துட்டேன், எனக்குத் தோணல பாரு. எங்க அந்த மனுஷர்?"

டேஞ்சர் கொட்டகையின் பின்வழியாக ஓடப் பார்த்தார். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பிடித்து இழுத்து வந்தேன்.

பிளாக் தயாரானது. லெட்டர்பேடு, கவர், லேபிள் எல்லாம் அச்சாகின. கடைசியாக வரதன் சார் இன்னொன்று கேட்டார். ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் அவருடைய ஆபீஸ். அதன் வெளிச்சுவரில், ரயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும்படி, அதே எம்ப்ளத்தைப் பெரிதாக எழுத வேண்டும்.

டேஞ்சர் எப்போதும் பலகையைத் தரையில் வைத்துத்தான் எழுதுவார். மாட்டுவதற்கு வேறு ஆள். வேறு யாரையாவது சுவரில் எழுதச் சொல்லலாம், நீங்கள் கீழே நின்று சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"வேற எவனாவது வரைஞ்சான்னா அது வெறும் நாற்காலி ஆயிடும் நைனா. நானே ஏர்றேன்."

மூங்கில் ஏணியைச் சாத்தினோம். ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு சாமி பெயரைச் சொன்னார். பெருமாள் முடிந்து அம்மன்கள் முடிந்து, உச்சிக்குப் போகும்போது தெலுங்குச் சாமிகள் வந்துவிட்டார்கள். மேலே போனதும் ஒரு கையால் ஏணியைக் கட்டிக்கொண்டு மறு கையால் எழுத ஆரம்பித்தார். கால் ஆடிய ஆட்டத்தில் ஏணியே ஆடியது. கோடு மட்டும் ஆடவில்லை.

"நைனா, புடிச்சிக்கினியா?"

"புடிச்சிருக்கேன் அண்ணே."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்."

பதினோரு மணிக்கு ஏறியவர் மூன்று மணிக்குத்தான் இறங்கினார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது, தோள் மேல் பெயிண்ட் சொட்டியது, விரல்கள் மரத்துப் போயின. ஆர்டர், முதலாளி, வேலை எதுவும் அப்போது என் நினைப்பில் இல்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. மேலே இருந்த அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அந்த நாலு மணி நேரமும் எனக்கிருந்த ஒரே பயம்.